கேட்கிறவன் முட்டாளா?

எனக்கு ஒரு நண்பர் உண்டு. கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுக்கிறவர், நல்ல படிப்பாளி. என் நாவல்களில் உள்ள அச்சுப் பிழைகளையெல்லாம் பென்சிலால் வட்டமிட்டு அனுப்புகிற அளவுக்கு என்மேல் அபிமானமும் கொண்டவர். அவரிடம் ஒரு பையனைப் பற்றிப் பிரஸ்தாபித்தேன். பழவேற்காட்டு ஏரிக்கரையில் கோட்டைக்குப்பம் என்கிற மீனவர் கிராமம். அங்கே பத்தொன்பது வயதுப் பையன். பழைய கணினி ஒன்றில் ஆகாய விமானம் ஓட்டுகிறான். அதைப் பற்றி அவனுக்கு ஆயிரம் சந்தேகங்கள். தீர்த்துவைக்க யாராவது கிடைப்பார்களா என்று கேட்டேன். நண்பர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"பொம்மை விமானத்துக்குப் பழுது பார்க்கிறானா? மரப்பாச்சிக்குக் காய்ச்சல் என்று வைத்தியரைக் கூப்பிட்ட கதையாக அல்லவா இருக்கிறது!" என்றார்.

உவமை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உவமை நன்றாக அமைந்துவிட்டதாலேயே விஷயம் சரியாகிவிடாது. கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு இது மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே தெரியும். அன்றைக்கு அவரிடம் பதில் சொல்ல வாய் வரவில்லை. அவரைப் போல நினைக்கிறவர்கள் நம்மில் அநேகர் இருப்பதால், அந்தப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்தப் பொம்மை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டும். கணினித் திரையில் வானத்தையும் பூமியையும் காட்டிப் பறக்கவிடுகிற விளையாட்டு ஒன்றை மைக்ரோஸாப்ட் கம்பெனி 1982-ல் விற்க ஆரம்பித்தது. 2020-லும் 2024-லும் அதன் புதிய பதிப்புகள் வந்தன. அதன்மேல் தனியாக ஒரு பிரயாணி விமானத்தை வாங்கி ஏற்றிக்கொள்ளலாம். சிலவற்றைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். சிலவற்றை உலகத்தின் பல மூலைகளில் இருக்கிற ஆர்வலர்கள் ஒன்றுகூடிக் கட்டி இனாமாகவே தந்துவிடுகிறார்கள். ஏர்பஸ் ஏ320 ரகத்தில் அப்படி ஒன்று உண்டு. திரையில் வெறும் படமாக நிற்கிற விமானம் என்று இதை எண்ணிவிடக் கூடாது. விமானியின் அறையில் எத்தனை ஸ்விட்சுகளோ அத்தனையும் இதில் உண்டு. அநேகமாக ஒவ்வொன்றும் உள்ளே ஏதோ ஒன்றைத் திறக்கும், மூடும். வால் பகுதியில் ஒரு சிறிய எஞ்சின் இருக்கிறது. அதை முதலில் ஓடவிட்டு, அதிலிருந்து வருகிற காற்றைத் திறந்துவிட்டால்தான் இறக்கையில் உள்ள பெரிய எஞ்சின் சுழலும். மறந்துவிட்டால் அது அசையாது. புதிதாக வருகிறவன் கேட்கிற முதல் கேள்வியே, ‘எஞ்சின் ஏன் கிளம்பவில்லை?’ என்பதுதான். அடுத்த கேள்வி, ‘இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டதே, விமானம் ஏன் இறங்கவில்லை?’ என்பது. அது தானாக இறங்காது. உயரத்தைக் குறைத்துக் குறித்து, குமிழை உள்ளே தள்ளி, இறங்கு என்று விமானி சொல்ல வேண்டும்.

கோட்டைக்குப்பத்துப் பையன் பொன்னேரியில் பழைய சாமான் கடைகளில் பகுதி பகுதியாக வாங்கிச் சேர்த்த கணினி அது. படம் விக்கி விக்கித்தான் நகரும். ஒரு நாவலுக்காக அந்தப் பக்கத்தில் சில நாள் சுற்றிக்கொண்டிருந்தபோது அவனைப் பார்த்தேன். நான் பேனா பிடிக்கிறவன் என்று தெரிந்ததும், உலகத்தில் உள்ளதெல்லாம் எனக்குத் தெரியும் என்று அவன் தீர்மானித்துவிட்டான். முதல் கேள்வியிலேயே நான் தோற்றேன்.

"சார், ஒரு எஞ்சினை மட்டும் போட்டா, கீழ நாய் கொரைக்குது சார்."

நாய் என்றால் நிஜமாகவே நாய்தான். ‘உர்ர், உர்ர்’ என்று தரைக்கடியிலிருந்து ஒரு சத்தம். கணினி கெட்டுவிட்டது என்று நினைத்து அவன் இரண்டு நாள் அதைப் பிரித்துப் போட்டுப் பார்த்திருக்கிறான். பிறகு, அந்த விமானத்தை விற்கிறவர்களுக்குத் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதிக் கேட்டிருக்கிறான். விற்றவர்கள் யார் என்பது இங்கே முக்கியமல்ல. வந்த பதில்தான் முக்கியம். ‘கையேட்டைப் படிக்கவும். இது தெரியாதவர்களுக்காக நாங்கள் விமானம் செய்யவில்லை.’

விமானப் பழுது பார்க்கும் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒருவரைச் சென்னையில் தேடிப் பிடித்துக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, சந்தோஷப்பட்டார். அது ஏ320 விமானத்தில் நிஜமாகவே கேட்கிற சத்தமாம். பிரயாணிகள் பயந்துபோய்ப் பணிப்பெண்ணைக் கூப்பிடுவது வழக்கமாம். அந்த விமானத்தின் உறுப்புகளை அசைக்க எண்ணெய் அழுத்தம் வேண்டும். பச்சை, மஞ்சள், நீலம் என்று மூன்று தனித்தனிக் குழாய் அமைப்புகள். பச்சைக்கு இடது எஞ்சின் அழுத்தம் கொடுக்கிறது, மஞ்சளுக்கு வலது எஞ்சின். ஒரு பக்கம் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 500 பவுண்டுக்குமேல் குறைந்துவிட்டால், நடுவில் உள்ள ஒரு யந்திரம் வலுவுள்ள பக்கத்தின் சக்தியை எடுத்து, வலுவில்லாத பக்கத்துக்குக் கொடுக்கிறது. விட்டுவிட்டு ஓடுகிற அந்த யந்திரத்தின் சத்தம்தான் குரைப்பு. இதில் ஒரு நுட்பம் உண்டு. சக்தி மட்டுமே போகும். எண்ணெய் ஒரு சொட்டுக்கூடக் கலக்காது. அடுத்த வீட்டு மாடு நம் வீட்டுக் கவலையை இழுக்கிறது. கிணறுகள் வேறு வேறு. ஒரு குழாய் உடைந்து ஒழுகினாலும் மற்றதன் எண்ணெய் போய்விடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு.

இதைப் பையனிடம் சொன்னபோது அவன் முகம் இருந்த இருப்பை நான் வர்ணிக்கப் போவதில்லை. உடனே அவன் கேட்டது: "அப்ப, எண்ணெயே இல்லாம போன பக்கத்துக்கும் இது சும்மா ஓடிக்கிட்டே இருக்குமா சார்? சூடாயிடாது?" ஓய்வு பெற்ற பெரியவரிடம் இதைக் கொண்டுபோனேன். "அந்தப் பையனை நான் பார்க்கணுமே" என்றார். அப்படி எண்ணெய் போய்விட்டால் விமானி அந்த யந்திரத்தை அணைத்துவிட வேண்டும்; அதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது. மரப்பாச்சிக்குக் காய்ச்சல் பார்க்கிறவன், கையேட்டைத் திறக்காமலே அந்தப் பொத்தான் இருந்தாக வேண்டும் என்று கண்டுகொண்டான்.

போகட்டும், நாய் குரைத்து யாரும் சாகவில்லை. சாவு நேர்ந்த இடத்துக்கு வருகிறேன்.

ஏ320-ல் விமானிக்கு எதிரே ஒரு பலகையில் குமிழ்கள் வரிசையாக இருக்கின்றன. ஒன்று எந்த உயரத்துக்குப் போக வேண்டும் என்று குறிக்க. அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று, நிமிஷத்துக்கு எத்தனை அடி இறங்க வேண்டும் என்று குறிக்க. பொம்மை ஓட்டுகிறவர்களில் அநேகமாக ஒவ்வொருவனும் ஒரு தடவையாவது கேட்கிற கேள்வி இது: ‘நான் மெதுவாக இறங்கத்தானே சொன்னேன்? எஞ்சின் ஏன் சோம்பிப் போய் அடங்கிவிட்டது?’ காரணம், இறங்குவதில் பல முறைகள் உண்டு. ஒரு முறையில் எஞ்சின் தேவையான சக்தியைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். இன்னொரு முறையில், குறித்த உயரம் வரும்வரை எஞ்சின் அடங்கியே கிடக்கும்; விமானம் சரிவில் உருளுகிற வண்டி மாதிரி இறங்கும். எந்தக் குமிழைத் தொட்டோம் என்பதைப் பொறுத்தது அது.

1990 பிப்ரவரி 14. நல்ல வெளிச்சமான மத்தியானம். பம்பாயிலிருந்து பெங்களூருக்கு இந்தியன் ஏர்லைன்ஸின் 605-ஆம் விமானம் வந்துகொண்டிருந்தது. முந்தின ஆண்டுதான் நம் நாட்டுக்கு வந்த புத்தம்புது ஏ320 ரகம். எஞ்சின் அடங்கிக் கிடந்தது. வேகம் குறைந்துகொண்டே வந்தது. விமானம் எந்த முறையில் இறங்குகிறது என்று உள்ளே இருந்தவர்கள் கவனித்தபோது காலம் கடந்துவிட்டது. ஓடுபாதைக்கு முன்னால் உள்ள கோல்ப் மைதானத்தில் விழுந்தது. 146 பேரில் 92 பேர் மாண்டார்கள். நிமிஷத்துக்கு 700 அடி இறங்கக் குறிக்க எண்ணி, பக்கத்துக் குமிழில் 700 அடி உயரம் என்று குறித்துவிட்டிருக்கலாம் என்பது விசாரணையில் எழுந்த ஊகம். பெங்களூர் விமான நிலையமே கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,900 அடியில் இருக்கிறது. 700 அடி என்பது பூமிக்குள்ளே எங்கேயோ! அரசாங்கம் அந்த ரக விமானங்களையெல்லாம் சில மாதங்கள் தரையிலேயே நிறுத்திவைத்தது.

இரண்டு விமானிகளும் அனுபவசாலிகள். அவர்களை ஏளனம் செய்ய எனக்கு யோக்கியதை கிடையாது, யாருக்குமே கிடையாது. ஆனால் பிரான்ஸில் இரண்டு வருஷம் கழித்து என்ன நடந்தது பாருங்கள். 1992 ஜனவரி 20, ஸ்ட்ராஸ்பூர்க் அருகே, அதே ரகம். 3.3 பாகை சரிவு என்று எண்ணிக் குறித்தது, நிமிஷத்துக்கு 3,300 அடி என்று அமைந்துபோயிருக்க வேண்டும் என்றார்கள். இரண்டையும் ஒரே சிறு ஜன்னல் காட்டியது, ஒன்றை ‘3.3’ என்றும் மற்றதை ‘33’ என்றும். நடுவில் உள்ள புள்ளிதான் வித்தியாசம். விமானம் மலையில் மோதி 87 பேர் போனார்கள். அதன் பிறகே அந்த ஜன்னலில் ‘3300’ என்று முழுசாகக் காட்டும்படி மாற்றினார்கள்.

‘இந்த இடத்தில் ஏன் 33 என்று காட்டுகிறது? அடியா, பாகையா?’ என்று 1991-ல் ஒரு பையன் கேட்டிருந்தால் என் நண்பர் என்ன சொல்லியிருப்பார்? மரப்பாச்சி என்றுதான் சொல்லியிருப்பார்.

இதற்கு ஒரு சமாதானம் சொல்வார்கள். ‘நிஜ விமானிகள் கேட்க வேண்டிய கேள்விகளை நிஜ விமானிகள் கேட்டுக்கொள்வார்கள், உங்கள் மீனவர் பிள்ளை எதற்கு?’ நிஜ விமானிகள் கேட்டபோது என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

போயிங் கம்பெனி 737 மாக்ஸ் என்ற புதிய விமானத்தைச் செய்தது. பழைய 737 ஓட்டியவர்கள், பொய்யாகப் பறக்கவைக்கும் பயிற்சிக் கூண்டில் உட்காராமலே இதையும் ஓட்டலாம் என்று சொல்லி விற்றது. விமானத்தின் மூக்கைத் தானாகவே கீழே தள்ளுகிற ‘எம்காஸ்’ என்ற ஏற்பாடு அதில் இருந்தது. விமானிகளின் கையேட்டில் அதைப் பற்றிய விளக்கம் கிடையாது. ‘கையேட்டைப் படி’ என்று சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். இந்தோனேஷியாவின் லயன் ஏர் கம்பெனி 2017-ல், தங்கள் விமானிகளுக்குப் பயிற்சிக் கூண்டு தேவைப்படலாம் என்று நினைத்தது. அப்போது போயிங் ஊழியர் ஒருவர் தன் சகாவுக்கு எழுதிய செய்தியில், அவர்களை முட்டாள்கள் என்று ஏசியிருக்கிறார். 2020 ஜனவரியில் அந்தச் செய்திகள் வெளியாகி உலகமே படித்தது.

2018 அக்டோபர் 28 இரவு, பாலித் தீவிலிருந்து ஜகார்த்தாவுக்குப் போன லயன் ஏர் மாக்ஸ் விமானம் ஒன்று தானாகவே மூக்கைத் தாழ்த்தித் தாழ்த்திப் போராடியது. ஓய்வில் பிரயாணம் செய்த மூன்றாவது விமானி ஒருவரும் அந்த அறையில் உட்கார்ந்திருந்தார். வால் சிறகை அசைக்கும் மோட்டாருக்கு மின்சாரம் போகாமல் ஸ்விட்சை அணைத்துவிட்டு, கையால் சக்கரம் சுற்றிப் பத்திரமாக ஜகார்த்தா வந்து சேர்ந்தார்கள். சேர்ந்த பிறகு பதிவேட்டில் எழுதியவர்கள், என்னென்ன நடந்தது, எதை அணைத்துப் பிழைத்தோம் என்பதை முழுக்க எழுதவில்லை. மறுநாள் காலை அதே விமானத்தில் வேறு விமானிகள் ஏறினார்கள். அதன் தலைமை விமானி நம் டெல்லிக்காரர், முப்பத்தொரு வயது. கோளாறு அதேதான். எதை அணைக்க வேண்டும் என்று சொல்ல ஆளில்லை. 189 பேர் ஜாவாக் கடலில் மூழ்கினார்கள். 2019 மார்ச் 10-ல் எதியோப்பியாவில் இன்னும் 157 பேர். அதற்குப் பின்பே, விமானிகளின் பயிற்சிக்காகத் தான் கொடுத்த மென்பொருளும் சில நிலைமைகளைச் சரியாகக் காட்டவில்லை என்று போயிங் ஒப்புக்கொண்டது. அதாவது, பொம்மையிலும் கோளாறு! 2021-ல் அமெரிக்க நீதி இலாகாவோடு 250 கோடி டாலருக்குமேல் கட்ட உடன்பட்டு வழக்கை அப்போதைக்கு ஒதுக்கிவைத்தார்கள்.

அந்த ஒரு இரவை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. பிழைத்த வழி தெரிந்தவர்கள் இருந்தார்கள். தெரிய வேண்டியவர்களுக்கு அது போய்ச் சேரவில்லை. பொம்மை விமானத்துக்காரர்கள் ராத்திரி ஒரு மணிக்கு உட்கார்ந்து செய்கிற காரியம் இதுவே அல்லவா? ‘எனக்கு இப்படி ஆயிற்று, இந்தக் குமிழைத் தொட்டேன், இது நின்றுபோயிற்று, உங்களுக்கும் ஆயிற்றா?’ என்று ஒருவன் கேட்கிறான். முகம் தெரியாத இன்னொருவன், ‘ஆமாம், எனக்கும் ஆயிற்று; அதற்கு முன்னால் எதைத் தொட்டாய்?’ என்று பதில் சொல்கிறான். இதைப் பரிகாசம் செய்ய நமக்கு எங்கிருந்து தைரியம் வருகிறது?

கோட்டைக்குப்பத்துக்கு இது புதிய பழக்கம் அல்ல. கடலில் படகு எஞ்சின் நின்றுபோனால், பையனுடைய அப்பா முதலில் கேட்பது, "நிக்கிறதுக்கு முன்னால என்னடா சத்தம் கேட்டுச்சு?" என்பதுதான். டீசல் குழாயில் காற்று அடைத்ததா, விசிறியில் வலை சுற்றிக்கொண்டதா என்பது அந்தப் பதிலில் இருக்கிறது. பதில் சொல்லத் தெரியாதவன் தவறாகச் சொன்னால் யாரும் ஏசுவதில்லை, மறுபடி கேட்பார்கள். ஏரியில் வலை கட்டுவதற்கும் அங்கே ‘பாடு’ என்று ஒரு முறை உண்டு. எந்தத் துறை இன்றைக்கு யாருக்கு என்பதை முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். அந்த முறை பங்குதாரர் ஒவ்வொருவருக்கும் தெரியும். ஒருவர் மட்டும் தெரிந்துவைத்துக்கொண்டு மற்றவர்களைக் கையேடு படிக்கச் சொன்னால் அன்றைக்கே ஏரியில் அடிதடி நடக்கும்.

ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் கிளம்புகிற நாளில் கடலுக்குப் போகாதே என்று இவர்களுக்குச் சொல்லிவிடுவார்கள். கரையில் நின்று பார்ப்பார்கள். 1979 ஆகஸ்டு 10-ல் அங்கிருந்து எஸ்.எல்.வி.-3 முதன்முதலாகக் கிளம்பியது. புறப்படச் சில நிமிஷங்கள் இருக்கையில் கணினி ‘நிறுத்து’ என்றது, ஒரு கசிவு. நிபுணர்கள் கணக்குப் பார்த்துப் பரவாயில்லை என்றார்கள். திட்ட இயக்குநராக இருந்த அப்துல் கலாம் கணினியை மீறி ஏவினார். ராக்கெட் 317 விநாடியில் வங்கக் கடலுக்குள் போயிற்று. கலாமே பிற்காலத்தில் மேடைக்கு மேடை இதைச் சொன்னார். ஏன் விழுந்தது என்று உட்கார்ந்து கேட்டார்கள், கண்டுபிடித்தார்கள். 1980 ஜூலை 18-ல் ஏவியது வெற்றி பெற்றது. அந்தக் கேள்விக்கு நாம் கைதட்டுகிறோம். பெரிய மனிதர்கள் பெரிய யந்திரத்தைப் பற்றிக் கேட்டால் அது ஆராய்ச்சி. குப்பத்துப் பையன் கேட்டால் வேலையற்ற வேலை.

அவன் விமானி ஆகிவிடுவான் என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கான படிப்புக்குப் பல லட்சம் வேண்டும். அவர்கள் வீட்டில் இருப்பது பாதிப் படகு. மற்றப் பாதி சித்தப்பாவுடையது. பொம்மை ஓட்டியதை வைத்துக்கொண்டு நிஜ விமானத்தில் ஏறக் கூடாது என்று அதை விற்கிறவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள், நியாயந்தான். நான் கேட்பது அற்பமான விஷயம். கேட்டதற்கு மரியாதையாக ஒரு பதில். அதுவும் தமிழில்.

தமிழில் என்றதும் வேறொரு கோஷ்டி கிளம்பும். ‘இதற்கெல்லாம் தமிழில் வார்த்தை ஏது?’ என்பார்கள். அல்லது வார்த்தை செய்வதற்கென்று ஒரு குழு போட்டு, உச்சரிக்கவே வாய் வலிக்கிற நாலு சொற்களைச் செய்து, அதோடு கலைந்துவிடுவார்கள். நாய் குரைக்கிறது என்று அவன் சொன்னானே, அதைவிடச் சரியான வார்த்தை எந்தக் குழுவிலிருந்து வரப் போகிறது? இங்கிலீஷ்காரர்களும் அதை நாய் குரைப்பு என்றுதான் சொல்கிறார்களாம். இங்கிலீஷில் எழுதத் தெரியாததால் அவன் கேள்வி மட்டமாகிவிடவில்லை. எழுதிய இங்கிலீஷைப் பார்த்துக் கேள்வியை எடைபோட்டவர்களுக்குத்தான் தராசு சரியில்லை.

இப்போது அவன் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருக்கிறான். தனக்குப் பதில் கிடைத்த கேள்விகளைத் தமிழில் எழுதிவைக்கிறான். காட்டூரிலும் மீஞ்சூரிலுமாக இந்தப் பைத்தியம் பிடித்த பையன்கள் இன்னும் நாலைந்து பேர் சேர்ந்திருக்கிறார்கள். நோட்டு அவர்களிடம் கை மாறுகிறது. முதல் பக்கத்தில் ‘நாய்’. மூன்றாவது பக்கத்தில் ‘எஞ்சின் ஏன் சோம்பியது?’ என்று தலைப்பு; அதற்குக் கீழே பெங்களூர், 14-2-1990 என்று தேதி. வால் சிறகைச் சரிசெய்து மூக்கு தாழாமலும் எழும்பாமலும் சமன் வைக்கிறார்களே, ‘டிரிம்’ என்பது, அதற்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் ஒரு பக்கத்தைப் பல நாள் காலியாக விட்டிருந்தான். நான் கடைசியாகப் போனபோது அந்தப் பக்கம் நிரம்பியிருந்தது. அவன் அப்பா சொன்னதை அப்படியே எழுதியிருந்தான்: ‘அணியம் தாழுதுன்னா, ஐஸ் பெட்டியைப் பின்னால தள்ளு.’